வியர்க்காத குடுவைகள்

சண்டை மூண்டு கப்பல்கள் நின்றதும் பாளையங்கோட்டை தந்தி ஆபீசுக்குச் சீமையிலிருந்து வந்துகொண்டிருந்த பாட்டரிக் குடுவைகள் நின்றுபோயின. அவை மண்குடுவைகள்தான். உள்ளே ஒரு கரைசல், வெளியே மயில்துத்தக் கரைசல். இரண்டையும் கலக்கவிடாமல் மின்சாரத்தை மட்டும் ஊடே விடவேண்டும் குடுவையின் சுவர்.

ஆற்றங்கரையில் சூளை வைத்திருந்த சாலமோனும் அவன் தங்கை கெசியாவும் அதைச் செய்து கொடுத்தார்கள். களிமண்ணில் சலித்த உமித்தூளைக் கலந்து பிசைந்து வனைவது கெசியா. சூளையில் உமி எரிந்துபோனால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிற்கும். சுடுவது சாலமோன்.

வள்ளியூர் வாத்தியார் ஒருவர் கெசியாவைப் பெண் பார்த்துவிட்டுச் சிரித்த முகத்தோடு போனார். பிறகு சேதியே இல்லை. அவருடைய ஒன்றுவிட்ட அக்கா சாரம்மாள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் வாசலில் கேட்டாள்.

"ஏட்டி, ஒனக்கு வலிப்பு வருமாமே? ஒங்கண்ணன் சொன்னானாம்."

கெசியா நேரே சூளைக்குப் போனாள்.

"ஏன் அப்படிச் சொன்னே?"

சாலமோன் விறகு அடுக்குவதை நிறுத்தவில்லை. "நீ போயிட்டா மண்ணு பிசைய யாரு இருக்கா? இங்கன கெட."

அடுத்த சூளைக்கு அவள் வனைந்த மண்ணில் உமி இல்லை. அவன் மண்ணைத் தொட்டுப் பார்க்கிறவன் அல்ல. குடுவைகள் செக்கச்செவேலென்று, தட்டினால் கணகணக்கும்படி வெந்து வந்தன. ஒன்றுகூட உடையவில்லை. சாலமோன் பெருமையோடு தானே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

தந்தி ஆபீஸ் துரை ஒன்றில் தண்ணீர் ஊற்றி வைத்தார். நல்ல குடுவையானால் வெளிப்புறம் மெல்ல வியர்க்கும். இது காய்ந்தே கிடந்தது. பாட்டரியில் வைத்துப் பார்த்தால் மின்சாரம் காட்டும் முள் அசையவில்லை. "மோசக்காரப் பயலே!" என்று கத்தி அத்தனையையும் தெருவில் வீசச் சொன்னார்.

சாலமோன் கண் சிவக்க வந்தான்.

"மண்ணுல என்னட்டி செஞ்சே?"

"உமி போடல. வலிப்புக்காரி கைதானே, மறந்துபோச்சு."

அவன் கையை ஓங்கினான். அவள் பானை தட்டும் துடுப்புக்கட்டையை எடுத்தாள். "கிட்ட வா. மண்டைய பொளந்துருவேன்."

அன்றே அவள் சாரம்மாள் வீட்டுக்குப் போய்விட்டாள். வாத்தியாருக்கு அம்பாசமுத்திரத்துப் பெண்ணோடு கோயிலில் கல்யாண ஓலை வாசித்தாயிற்று என்று அங்கேதான் தெரிந்தது. கொல்லையில் உட்கார்ந்து ஆத்திரம் தீர அழுதாள். பிறகு அங்கேயே சின்னதாக ஒரு சூளை கட்டினாள். சுடத் தெரியாமல் முதலில் சுட்டவையெல்லாம் வெடித்தன. அக்கினியின் பக்குவம் பழகப் பழகக் குடுவைகள் தேறின. தந்தி ஆபீஸ் அவளிடம் வாங்கத் தொடங்கியது.

தொழிலைத் திருடிவிட்டாள் என்று சாலமோன் கோயில் பாதிரி ஐயரிடம் முறையிட்டான். ஐயர் இருவரையும் கூப்பிட்டு, கைகொடுத்துச் சமாதானமாகப் போகச் சொன்னார்.

"இவ எனக்குத் தங்கச்சியே இல்ல, ஐயரே" என்றான் அவன்.

"நல்லதாப் போச்சு" என்றாள் கெசியா.

ஐயர் ஜெபத்துக்குக் கண்ணை மூடினார். திறந்தபோது இருவருமே அங்கே இல்லை.