சுத்தமான ஒலிப்பதிவு

அந்தப் பாட்காஸ்ட்டால் லிஃப்ட்காரருக்கு ஒரு காசு வந்ததில்லை. அதில் அவருக்குக் குறையும் இல்லை. இருபத்தெட்டு வருடமாக அடுக்குமாடிகளின் உச்சியில், மோட்டார் அறைகளில் லிஃப்ட் பழுதுபார்த்துக்கொண்டு தனியாகக் கிடந்த மனிதர். நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்பேர்ப்பட்டவர் வாராவாரம் லிஃப்ட் ஏன் குலுங்குகிறது, கதவு ஏன் பாதியில் முரண்டுபிடிக்கிறது என்று அரை மணி நேரம் வெளுத்துவாங்கினார். கேட்பவர்கள் முந்நூறு பேர்தான் என்றாலும் அது லேசுப்பட்ட விஷயமா?

நூறாவது எபிசோடில் அதைப் பற்றியே பேசினார். "பணம் வரல. ஆனா பயம் போச்சு. ஒரு அம்மா லிஃப்ட்ல மாட்டிக்கிட்டப்போ நான் சொன்னது ஞாபகம் வந்து பதறாம உக்காந்திருந்தாங்களாம். முகம் தெரியாத மெக்கானிக் ஒருத்தர் எங்கிருந்தோ அண்ணேன்னு கூப்பிடுறார். இதுக்கெல்லாம் விலை உண்டா?" என்று கேட்டார். உண்டுதான். அதைக் கொடுத்தவள் அடுத்த அறையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவர் மனைவியைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை அந்த வீட்டில் ஃபேன் ஓடாது, குழாய் திறக்காது, பாத்திரம் பாத்திரத்தோடு உரசாது. துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டுதான் அவர் பேசுவார். தொங்கும் துணிகள் எதிரொலியை அடக்கிவிடும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். துணியெல்லாம் அவளுடையது. அதிலிருந்து ஒன்றை எடுக்க வேண்டுமானால்கூட நாலு மணிவரை காத்திருப்பாள்.

ஆனாலும் மனுஷிதானே. இருமல் வரும். கதவைத் திறந்து ஏதாவது கேட்டும்விடுவாள். சாயங்காலம் அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதையெல்லாம் தேடித் தேடி வெட்டுவார். வெட்டி முடித்ததும் மூலப் பதிவை அழித்துவிடுவார், கம்ப்யூட்டரில் இடம் வேண்டுமே. 'உங்க ஆடியோ ரொம்ப சுத்தம்' என்று யாராவது எழுதிவிட்டால் அன்றைக்கு அவருக்குத் தலைகால் புரியாது. எழுதியதை அவளிடமே படித்துக் காட்டுவார். அவளும் சந்தோஷப்படுவாள்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் நாலாம் நாள் இறந்துபோனாள். அதோடு பாட்காஸ்ட்டும் நின்றுபோனது. எட்டு மாதம் கழித்து, வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் ஒரு நாள் காலையில் போன் செய்தாள்.

"அப்பா, அம்மா குரல் எனக்கு மறந்துட்டு வருது. முகம் இருக்கு, குரல் வர மாட்டேங்குது. பயமா இருக்குப்பா."

"வீடியோ ஏதாவது இருக்கும் பாரும்மா."

"கேமராவைப் பாத்தாலே வாயை மூடிக்குவாங்களே. எல்லாத்துலயும் கையைத்தான் ஆட்டுறாங்க. உங்ககிட்ட நூத்திப் பன்னெண்டு எபிசோடு இருக்கே, எதுலயாவது ஒரு மூலையில பேசியிருப்பாங்க. ஒரே ஒரு வார்த்தை போதும்ப்பா."

"தேடித் தரேன்" என்றார்.

ஒரு வாரம் லீவு போட்டார். நூற்றுப் பன்னிரண்டையும் வரிசையாகக் கேட்டார். அவள் எங்கேயும் இல்லை. அறுபத்து மூன்றாவதில் ஒரு இருமல் கிடைத்தது. பத்து முறை கேட்ட பிறகு அது தன்னுடையதே என்று புரிந்தது. அவ்வளவு கெட்டிக்காரத்தனமாக வெட்டியிருந்தார், பாவி மனுஷன்.

பிறகுதான் நினைவு வந்தது. முதல் எபிசோடை வெட்டத் தெரியாத காலத்தில் அப்படியே போட்டிருந்தார். ஆறு மாதம் கழித்து, கேட்கவே கூச்சமாக இருந்ததால் சுத்தம் செய்து மாற்றிவிட்டார். பழையதை யாராவது இறக்கி வைத்திருந்தால்?

அலமாரியைத் திறந்து தலையை விட்டுக்கொண்டு, அது யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டு ஒரு பதிவு போட்டார். துணிகளை உறவுக்காரர்கள் பங்கு பிரித்துக்கொண்டு போயிருந்தார்கள். காலி அலமாரியில் அவர் குரல் தொட்டிக்குள் பேசுவதுபோல் கேட்டது. முந்நூறு பேரில் இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர், 'இந்தத் தடவை எக்கோ அடிக்குது சார், கவனிங்க' என்று எழுதியிருந்தார். இன்னொருவர் ஒரு பஸ் டிரைவர்.

"அண்ணே, எங்க ரூட்ல சிக்னல் கிடைக்காது. அதனால முதல் நாள்ல இருந்தே எல்லாத்தையும் இறக்கி வச்சிருக்கேன். இந்தாங்க" என்று குரல்பதிவோடு ஃபைலையும் அனுப்பியிருந்தார். லிஃப்ட்காரர் ஆளில்லாத வீட்டில் எழுந்து நின்று கும்பிட்டார்.

பதினேழாவது நிமிடம். பிரேக் பட்டை தேய்வதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கதவு கிறீச்சிடுகிறது. "ஏங்க..." என்கிறாள் அவள். அவளேதான். அதற்குமேல் அவள் குரல் ஏதோ சொல்லிக்கொண்டே போகிறது, ஆனால் அதன் மேலேயே அவர் குரல் ஏறி விழுகிறது. "எத்தனை தடவை சொல்றது? உன் சத்தமெல்லாம் உள்ள விழுது. வெளிய போ, போன்னா போ!" கதவு சாத்திக்கொள்கிறது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, மன்னிக்கணும் நேயர்களே என்கிறார்.

இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினார். தன் குரலை வெட்டினால் அவள் குரலும் சேர்ந்து போனது. குரல்களைப் பிரித்துத் தருமென்ற ஒரு மென்பொருளையும் போட்டுப் பார்த்தார். அது உரத்த குரலைப் பத்திரமாகக் கொடுத்துவிட்டு, மெல்லிய குரலை இரைச்சல் என்று எடுத்துப் போட்டது. வேறு வழியில்லாமல் உள்ளபடியே மகளுக்கு அனுப்பினார். அனுப்பிவிட்டுக் குற்றவாளிபோல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரம் கழித்து மகள் கூப்பிட்டாள். அழுது முடித்த குரல்.

"ஏங்கன்னு கூப்பிடுறது கேக்குதுப்பா. அம்மாதான். அப்புறம் நீங்க கத்துறதுதான் கேக்குது."

"ஆமாம்மா."

"திட்டுறதுக்காகக் கேக்கலப்பா. அம்மா அன்னைக்கு உங்ககிட்ட என்ன சொல்ல வந்தாங்க?"

வீட்டுக்கு யாராவது வந்திருந்தார்களா, தலைவலி என்றாளா, இல்லை சும்மா ஒரு வார்த்தை பேச வந்தாளா என்று லிஃப்ட்காரர் முட்டி மோதி யோசித்தார்.

"தெரியலம்மா" என்றார். "நான் கேக்கவே இல்ல."