மேற்குப் பக்கத்துப் பத்து யூனிட்

நூலகத்தின் மொட்டைமாடியில் பழைய ஏசி யூனிட்டுகள் பதினாறு இருந்தன; முதல் மாடியில் இன்னும் சில. எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதியவை மாட்ட வேண்டும். அந்த வேலையை எடுத்திருந்த மெக்கானிக்குக் கை வேகம் அதிகம். தொழில் வட்டாரத்தில் அவருக்கு 'மின்னல்' என்றே பெயர். கூட வேலை செய்தவன் அவர் மனைவியின் தம்பி. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த அவனை எல்லாரும் 'நிதானம்' என்று கூப்பிட்டார்கள். ஒரு திருகாணியை இறுக்கிவிட்டு, இறுகிவிட்டாயா என்று அதனிடமே விசாரிக்கிற ஆள்.

பழைய யூனிட்டைக் கழற்றுமுன் உள்ளே இருக்கும் கேஸை மெஷின் வைத்து உறிஞ்சி, சிலிண்டரில் பிடிக்க வேண்டும். வெளியே திறந்துவிடக் கூடாது. அந்தக் கேஸ் மெல்ல மெல்ல மேலே போய் ஓசோன் படலத்தை அரித்துவிடும். இருவருக்கும் பயிற்சியில் இதைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அங்கே கொடுத்த சான்றிதழை மின்னல் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியும் வைத்திருந்தார். ஆனால் மெஷின் ஒன்றுதான். ஒரு யூனிட்டுக்கு அரை மணி நேரமாவது பிடிக்கும்.

"மாப்ள, கிழக்குப் பக்கம் ஆறையும் நீ பாரு. மேற்குப் பத்தும் என்னோடது."

"மெஷின் இங்கதானே மாமா இருக்கு?"

"அப்புறமா வந்து வாங்கிக்கறேன்."

அவர் வாங்கிக்கொள்ளவே இல்லை. தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் போனதும் ஸ்பேனரால் முதல் குழாயின் மூட்டைத் தளர்த்தினார். உஸ்ஸென்று சீறியது; கிழக்கே ஓடிக்கொண்டிருந்த மெஷினின் இரைச்சலில் அது அமுங்கிவிட்டது. குழாயின் வாயில் வெண்பனி பூத்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எண்ணெய் தெறிக்காமல் இருக்கத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சீற்றம் அடங்கியதும் அடுத்த யூனிட்டுக்குப் போனார். மறுநாள் மதியத்துக்குள் பத்தும் கீழே இறங்கிவிட்டன.

மூன்றாம் நாள் காலை, கட்டடப் பொறுப்பாளர் அம்மா மாடிக்கு வந்தார். கேஸைப் பிடித்து எடை போட்டு ஒப்படைக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருந்தது. ஒப்பந்தத்தில் இருப்பதை யாராவது படிப்பார்கள் என்று மின்னல் நினைக்கவில்லை. அந்த அம்மா படித்திருந்தார். சிலிண்டரைத் தராசில் வைக்கச் சொல்லி, வெற்றுச் சிலிண்டரின் எடையைக் கழித்துப் பார்த்தார்.

"பதினாறு யூனிட்டுக்கு இருபது கிலோவாவது வரணும். ஏழரைதான் இருக்கு. மீதி எங்க?"

மின்னல் தலையைத் திருப்பினார். பக்கத்தில் நிதானம் நின்றுகொண்டிருந்தான். அவன் கையில் மெஷினின் குழாய் இருந்தது. அதைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்தது.

"கேஸ் பிடிக்கறது இவன் வேலை மேடம். எங்கயோ கோட்டை விட்டுட்டான் போல."

நிதானம் திரும்பி அவரைப் பார்த்தான். கோபமாகக்கூட இல்லை. காதில் சரியாக விழவில்லையோ என்பதுபோல் பார்த்தான். அக்கா புருஷனை நாலு பேர் முன்னால் பொய்யன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அந்த அம்மா அவனை அன்றே வேலையிலிருந்து நிறுத்தினார். அவன் மெஷினைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனான்.

சாயங்காலம் மின்னல் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி ஒரு தைலப் பாட்டிலை நீட்டினாள்.

"ஏங்க, தம்பிக்கு முதுகு வலியாமே. ரெண்டு மூணு நாளைக்கு வேலைக்கு வர முடியாதுன்னான். பாவம், அந்த மெஷினைத் தூக்கித் தூக்கியே வந்திருக்கும். இதைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வாங்க."

மின்னலுக்குக் காது மடல் சுட்டது. அக்காவிடம்கூட அவன் காட்டிக்கொடுக்கவில்லை.

நிதானம் தன் வீட்டு முன்னறையில் மெஷினின் வடிகட்டியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். தைலத்தை வாங்கினான். மூடியைத் திறந்து பார்த்தான். மறுபடி மூடினான்.

"முதுகு நல்லாத்தான் மாமா இருக்கு."

"தெரியும்."

"பத்தையும் திறந்து விட்டுட்டீங்களா?"

மின்னல் தலையை ஆட்டினார்.

"ஒண்ணுகூடப் பிடிக்கலையா?"

விபத்து நடந்த இடத்தில் யாராவது பிழைத்தார்களா என்று கேட்பதுபோல் இருந்தது அவன் குரல்.

"என் பேரைச் சொன்னது வலிச்சுது மாமா. இல்லன்னு சொன்னா பொய். ஆனா அது நமக்குள்ள. கேஸ் அப்படி இல்லையே. மேல இருக்கிற ஓசோன் மொத்தத்தையும் கீழ கொண்டுவந்து பரப்பினா எவ்வளவு கனம் வரும்னு பயிற்சியில சொன்னாங்க, ஞாபகம் இருக்கா? மூணு மில்லிமீட்டர். ரெண்டு நாணயத்தை அடுக்கின உயரம். அவ்வளவுதான் நமக்கும் வெயிலோட விஷத்துக்கும் நடுவுல. அது தேஞ்சா தோல்ல புத்துநோய் வரும், கண்ணுல புரை விழும், பயிர் கருகும். உலகமே கூடி முடிவெடுத்து நிறுத்தினதால இப்பதான் கொஞ்சம் கொஞ்சமா ஆறிக்கிட்டு வருது. நீங்க விட்டது இன்னும் பத்துப் பன்னெண்டு வருஷம் மேல சுத்தும்."

"உலகத்துல எத்தனை ஏசி. என் பத்துதானா..." என்று ஆரம்பித்த மின்னல் பாதியில் நிறுத்திக்கொண்டார். சொல்லும்போதே அவருக்குக் கேவலமாக இருந்தது. மெஷின் அறுபதடி தள்ளித்தானே இருந்தது. நடந்து போய் எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

வீடு திரும்பி மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் சத்தம் போடவில்லை.

"முதுகு வலின்னு சொன்னப்பவே என்னமோ இருக்குன்னு நினைச்சேன். நீங்களா இருப்பீங்கன்னு நினைக்கல."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருக்கலாம்.

மறுநாள் நூலகம் திறந்ததும் பொறுப்பாளர் அம்மாவின் அறைக்குப் போனார். அம்மா உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"கேஸை விட்டது நான் மேடம். அவன் பிடிச்சதுதான் அந்த ஏழரைக் கிலோ."

"அப்ப நேத்து ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"வெக்கமா இருந்துது."

"இப்ப?"

"இப்பவும்தான்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சான்றிதழ் கொடுத்த பயிற்சி மையத்துக்கு எழுதத்தான் போவதாகச் சொன்னார். மீதி வேலையை நிதானத்தின் பெயருக்கு மாற்றுவதாகவும், அவனிடம் தானே பேசுவதாகவும் சொன்னார். "உங்களைச் சேர்த்துக்கறதும் சேர்த்துக்காததும் அவரோட இஷ்டம்" என்றார்.

நிதானம் உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. எதையும் உடனே செய்கிறவனா அவன்? பத்து நாள் கழித்து, முதல் மாடியில் இருந்த பழைய யூனிட்டுகளை எடுக்கும்போது கூப்பிட்டான்.

"வாங்க மாமா. மெஷினை நீங்க பாத்துக்கங்க. அது முடிஞ்சுதுன்னு நான் சொல்ற வரைக்கும் ஸ்பேனரைத் தொடக் கூடாது."

மின்னல் சரியென்றார். மெஷினின் அளவுமானியைப் பார்த்தபடி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். முள் மெதுவாகத்தான் இறங்கும். நிதானம் உதவிக்கு அழைத்திருந்த மெக்கானிக்குகள் "என்னப்பா மின்னல், மழை விட்டுடுச்சா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவரும் சிரித்து வைத்தார்.

புத்தகம் எடுக்க வந்த ஒரு பெண்மணி நின்று, அந்த மெஷின் என்ன செய்கிறது என்று கேட்டார். அவர் சொன்னார். பழைய ஏசியையும் ஃபிரிட்ஜையும் வெறுமனே காயலான் கடையில் போட்டுவிடாமல், கேஸைப் பிடிக்கத் தெரிந்தவரைக் கூப்பிடச் சொன்னார். அந்தப் பெண்மணிக்கு முகம் மலர்ந்தது.

"இவ்வளவு பொறுப்பா வேலை செய்யறவங்களும் இருக்காங்களே. ரொம்ப சந்தோஷம்ங்க."

மின்னல் கும்பிட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். முடியவில்லை.

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. இந்தக் கட்டடத்து மாடியிலயே பத்து யூனிட் கேஸைத் திறந்து விட்டவன் நான். பழியையும் அவன்மேல போட்டேன்" என்று நிதானத்தைக் காட்டினார்.

அந்தப் பெண்மணியின் சிரிப்பு நின்றது. புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஏணிமேல் நின்ற நிதானம் வேலையைத் தொடர்ந்தான். மின்னல் குனிந்து மறுபடி முள்ளைப் பார்த்தார். சிலிண்டரில் இன்னும் கொஞ்சம் கேஸ் ஏற வேண்டியிருந்தது.