திரும்பிப் போன தாம்பூலம்

ஓட்டுப் போடும் நாளன்று விடியும்போதே ஜெயம்மாள் வாசலுக்கு வந்துவிட்டாள். தறியில் ஏற்ற வேண்டிய பாவு தெருவில் இறங்கிவிட்டது. வேப்பமரத்தடிக் கம்பத்திலிருந்து குழாயடிக் கம்பம் வரைக்கும் அரக்கு நிறப் பட்டிழைகள் ஆயிரக்கணக்கில் இழுத்துக் கட்டிக் கிடந்தன. அவளுடைய கொழுந்தன் கலியன் இழை விறைக்கக் கஞ்சியைத் தெளித்துப் பெரிய தூரிகையால் வாரிக்கொண்டே போனான். அறுந்த இழைகளை முடிந்துகொண்டு அவள் பின்னால் போனாள். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. மனசு மட்டும் வீட்டு மாடத்தில் இருந்த ஒரு தகர டப்பாவையே சுற்றிச் சுற்றி வந்தது.

அந்த டப்பாவில் இருந்தது இரண்டு வெற்றிலை, ஒரு கொட்டைப்பாக்கு. அவ்வளவுதான். இதற்குப் போயா இத்தனை கலக்கம் என்று கேட்கிறவர்கள் அந்த நெசவுக்காரத் தெருவில் நாலு நாள் குடியிருந்து பார்க்க வேண்டும். அங்கே தாம்பூலம் வாங்கினால் வாக்குக் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். பத்திரம் வேண்டாம், கையெழுத்து வேண்டாம். வாக்கிலிருந்து விலக வேண்டுமானால், காரியம் நடப்பதற்கு முன்னால், கொடுத்தவர் கையிலேயே தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுவும் நாலு பேர் பார்க்க. நிச்சயம் ஆன கல்யாணம் நின்றுபோன வீடுகளில்தான் அப்படி நடந்திருக்கிறது. அந்த வீடுகளை ஊர் இன்னும் மறக்கவில்லை.

கொடுத்தவள் காமாட்சியம்மாள். நகரசபைத் தேர்தலுக்கு நின்ற ராவ் சாகிப் ஏகாம்பரத்தின் மனைவி. ஏகாம்பரத்தைப் பற்றிச் சொல்வதானால், அவர் அப்பா இதே தெருவில் தறி போட்டவர். மகனுக்கு இப்போது ராஜவீதியில் இரண்டு மாடி, ஒரு மோட்டார், நூற்றிருபது தறிகளுக்குப் பட்டு கொடுத்து நெய்து வாங்கும் கடை. ஜெயம்மாள் வீட்டுத் தறியும் அந்த நூற்றிருபதில் ஒன்று. பட்டு அவருடையது, தறியில் இழைகளைக் கோத்திருந்த அச்சும் அவருடையது. அவர் பட்டை நிறுத்தினால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. கலியனுக்கு இரண்டு குழந்தைகள் வேறு.

அந்தத் தெருவில் அறுபது வீடு இருந்தும் ஓட்டு பதினோரு பேருக்குத்தான். இவ்வளவுக்கு மேல் வீட்டு வரி கட்டினால்தான் ஓட்டு என்பது சர்க்கார் சட்டம். ஜெயம்மாளின் புருஷன் சாகும்போது ஓடு வேய்ந்த வீட்டை அவள் பெயரில் எழுதிவிட்டுப் போனான். அதனால் அவளுக்கு ஓட்டு வந்தது, கலியனுக்கு வரவில்லை.

பத்து நாளைக்கு முன்னால் காமாட்சியம்மாள் வெள்ளித் தட்டோடு வாசலில் வந்து நின்றபோது ஜெயம்மாள் பதறிப்போனாள். புருஷன் செத்து எட்டு வருஷம். இந்த எட்டு வருஷத்தில் ஒரு வீட்டிலும் அவள் கையில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தவர்கள் கிடையாது. கல்யாணமா, வளைகாப்பா, கொல்லைப்புறமாகப் போய்ப் பாத்திரம் கழுவிவிட்டு வந்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவளை மாடி வீட்டு அம்மாள் வாசலில் நிற்க வைத்து, இரண்டு கையாலும் தாம்பூலம் கொடுத்து, "நம்ம வூட்டுக்காரருக்குத்தான்மா உன் ஓட்டு" என்றால் என்ன செய்வாள்? அழுதுவிட்டாள். அழுதுகொண்டே வாங்கிக்கொண்டாள். அவளால் மறுக்க முடியாது என்று தெரிந்தேதான் அந்த அம்மாள் கொடுத்தாள் என்று பின்னால் நினைத்துப் பார்த்தபோதுதான் எரிச்சலாக வந்தது.

மூன்றாம் நாள் கலியன் ஒரு சேதி கொண்டுவந்தான். பெரிய வீட்டுக்காரர்களுக்கு மட்டும் சத்திரத்தில் ஒரு கூட்டம். காபி கொடுக்க ஆள் வேண்டும் என்று கலியனைக் கூப்பிட்டிருந்தார்கள். ஏகாம்பரம் எழுந்து நின்று சொன்னாராம்: தாம் ஜெயித்து வந்தால் மாடி வீடுகளுக்கு வரி பாதியாகக் குறையும், மோட்டார் வண்டிக்கு வரியே கிடையாது. நகரசபைக்கு அதனால் விழும் துண்டை எப்படிச் சரிக்கட்டுவது என்று யாரோ கேட்டார்களாம். தறிக்கு இவ்வளவு என்று வரி போட்டால் போச்சு, ஊரில் தறிக்கா பஞ்சம் என்றாராம். எல்லோரும் கைதட்டினார்களாம். ஆனால் நெசவுக்காரத் தெருவில் கொடுத்த நோட்டீசில் 'ஏழை பங்காளன்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. தறி வரியைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. மனுஷனுக்கு என்ன தைரியம் பாருங்கள்!

எதிர்த்து நின்ற வைத்தியர் ஆராவமுதனும் ஒன்றும் தர்மராஜா இல்லை. பிடி மருந்து கேட்டால் முதலில் காசை வை என்பவர்தான். ஆனாலும் தறிக்கு வரி வர விடமாட்டேன் என்று தெருத்தெருவாகக் கத்தினார். ராவ் சாகிபுக்குச் சிவப்புப் பெட்டி, வைத்தியருக்கு வெள்ளைப் பெட்டி. ஜெயம்மாளின் மனசு வெள்ளையில் இருந்தது, வாக்கு சிவப்பில் இருந்தது. ஏழு ராத்திரியாக அவள் சரியாகத் தூங்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மோட்டார் ஹாரன் தெருமுனையில் கேட்டது.

ஓட்டர்களை ஏற்றிப் போக ஏகாம்பரமே வந்திருந்தார். முன்னால் அவருடைய காரியஸ்தன் முனிசாமி. பின்னால் அவரும் காமாட்சியம்மாளும். பெண் ஓட்டர்களைக் கூப்பிட அந்த அம்மாள் வந்திருக்க வேண்டும். வண்டி பாவுக்கு இருபதடி தள்ளி நின்றது. பாவு தெருவில் இருக்கும்போது அதைத் தாண்டக் கூடாது, தொடக் கூடாது. சாமி புறப்பாடு வந்தாலும் பாவு சுருட்டும்வரை நின்றுதான் போகும்.

"ஜெயம்மா, வா, வண்டியில ஏறு" என்றார் ஏகாம்பரம்.

"பாவு ஈரமா இருக்குதுங்க முதலாளி. காய்ஞ்சு சுருட்டினாத்தான் வர முடியும்."

"ஆவட்டும், ஆவட்டும். நானும் தறிக்காரன் மவன்தானே? எனுக்குத் தெரியாதா? நிக்கிறேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். அந்தப் பெருந்தன்மையைப் பார்க்க ஜனங்கள் கூடிவிட்டார்கள். ஓட்டு உள்ளவர்கள், இல்லாதவர்கள், தறியை விட்டு எழுந்து வந்தவர்கள், குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்கள்.

அவர் நிற்காமல் போயிருந்தால் ஜெயம்மாள் வாயைத் திறந்திருப்பாளோ என்னவோ. ஒரு பாவு காய்கிற நேரம் அவர் கண் முன்னால் இருந்தார். அது அவளுக்குத் தாங்கவில்லை. இழை முடிந்துகொண்டே, நிமிராமல் கேட்டாள்.

"முதலாளி, தறிக்கு வரி வருதாமே. மெய்யா?"

கூடியிருந்தவர்கள் அவள் பக்கம் திரும்பினார்கள். கலியன் மட்டும் தூரிகையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கஞ்சி கட்டிக்கொள்ளும்.

"யாரு சொன்னது?"

"சத்திரத்துல நீங்க பேசச்சொல்ல எங்க கலியன் காபி குடுத்துக்கினு இருந்தான். மாடி வூட்டுக்குப் பாதி வரின்னீங்களாம். மோட்டாருக்கு வரியே இல்லன்னீங்களாம். உங்களுக்கு மாடி இருக்குது, மோட்டாரும் இருக்குது. எங்களாண்ட தறிதான் இருக்குது."

ஏகாம்பரம் சிரித்தார். சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்: "அட, பெரிய வூட்டுல பணம் நின்னாத்தானேமா அவன் பட்டு வாங்குவான்? பட்டு வித்தாத்தான் உனுக்குத் தறி ஓடும். எல்லாம் கடைசியில உங்க கைக்குத்தான் வருது."

"போன தையில நல்லாத்தானே வித்துது? கூலி ஏறலியே!"

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். பின்னால் நின்ற ஆண்கள் சிரிக்கவில்லை. "அதானே?" என்று ஒரு குரல் மட்டும் தடித்து வந்தது. ஏகாம்பரத்தின் முகம் கறுத்தது. மோட்டாரின் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"உன் தறியில இருக்கிறது யார் பட்டு, தெரியுமா?"

"உங்க பட்டுதான்."

"எங்க வூட்டுத் தாம்பூலத்த வாங்கினியா, இல்லியா?"

அதைத்தான் அவர் கேட்டிருக்கக் கூடாது. ஏழு நாளாக அவள் தொண்டையில் சிக்கிக்கொண்டு கிடந்ததை அவரே வெளியில் இழுத்துப் போட்டுவிட்டார். ஜெயம்மாள் கையிலிருந்த இழையை முடிந்து முடித்தாள். பாவைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். கலியனின் பெண்டாட்டி நடையில் நின்று, "வேணாம்கா, குழந்தைங்க இருக்குது" என்று அவள் கையைப் பிடித்தாள். ஜெயம்மாள் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டாள். டப்பாவோடு வெளியே வந்தாள்.

வெற்றிலை இரண்டும் சருகாகி மடங்கியிருந்தன. அவற்றைப் பாக்கோடு உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நேராகக் காமாட்சியம்மாளின் பக்கம் போய் நின்றாள்.

"அம்மா, நீங்க குடுக்கச்சொல்ல நான் அழுதேன். எட்டு வருசமா யாரும் குடுக்காதத நீங்க குடுத்தீங்க. அத நான் சாவுற வரைக்கும் மறக்கமாட்டேன். ஆனா இத வச்சிக்கினு அறுவது வூட்டுத் தறிக்கும் என் கையால வரி போட முடியாது. வாங்கிக்கோங்க."

காமாட்சியம்மாள் புருஷனைப் பார்த்தாள். பிறகு ஜெயம்மாளைப் பார்த்தாள். அவள் கை தானாக நீண்டு அந்தச் சருகை வாங்கிக்கொண்டது. வாங்கிய பிறகுதான் தான் செய்தது அவளுக்கு உறைத்தது.

"முனிசாமி!" என்று கத்தினார் ஏகாம்பரம். "பாவ அவுருடா! என் பட்டு. இப்பவே எடுத்துக்கினு போறோம்."

முனிசாமி குழாயடிக் கம்பத்துக்கு ஓடினான். கயிற்று முடிச்சில் கை வைத்தான். பாவின் பாதி இன்னும் சொதசொதவென்று ஈரமாக இருந்தது. இறுக்கம் விட்டால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு எவனாலும் பிரிக்க முடியாது. இரண்டு மாத வேலைக்கான பட்டு குப்பைக்குப் போகும். கலியன் தூரிகையோடு அப்படியே நின்றுவிட்டான்.

ஜெயம்மாளுக்குத் தன் குரல் இவ்வளவு உரக்க வரும் என்று அன்றைக்கு வரை தெரியாது.

"அவுரு, முனிசாமி! தாராளமா அவுரு! ஈரப் பாவ அவுத்தவன்தான் கெட்டுப்போற பட்டுக்குப் பொறுப்பு. இது நேத்து வந்த சட்டமில்ல, உங்க முதலாளியோட அப்பா நாள்ல இருந்து இருக்குது. அவரு தறிக்காரன் மவன்னு இப்பதானே சொன்னாரு, அவரையே கேளு!"

முனிசாமி திரும்பிப் பார்த்தான். ஏகாம்பரம் ஈரப் பாவைப் பார்த்தார். கூட்டத்திலிருந்து நாலு ஆண்கள் போய் அந்தக் கம்பத்தைச் சுற்றி நின்றார்கள். இன்னும் நாலு பேர் வேப்பமரத்தடிக்குப் போனார்கள். முனிசாமியின் கை முடிச்சிலிருந்து இறங்கியது.

பிறகு அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம் போனது போல ஜெயம்மாளின் வாழ்நாளில் எந்த நேரமும் போனதில்லை. வெயில் ஏறியது. கலியன் வாரினான். அவள் இழை முடிந்தாள். இதுதான் இந்தத் தறியில் தன் கடைசிப் பாவு என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. தெரிந்தும் ஒரு இழையை விடாமல் முடிந்தாள். வேண்டுமென்றே இரண்டு இழையை விட்டால்தான் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. கை கேட்கவில்லை.

பாவு காய்ந்தது. சுருட்டினார்கள். கலியன் அதைத் தோளில் தூக்கிப் போய் மோட்டாருக்குள் வைத்தான்.

"ஒரு இழை குறையல. பாத்துக்குங்க" என்றாள் ஜெயம்மாள்.

தெருவின் மற்ற பத்து ஓட்டர்களில் ஏழு பேர் அவளோடு நடந்தே போனார்கள். மூன்று பேர் மோட்டாரில் ஏறினார்கள். அவர்கள் வீட்டிலும் தறி இருந்தது, குழந்தைகள் இருந்தன. அவர்களைத் திட்ட அவளுக்கு மனசு வரவில்லை. ஓட்டுச் சாவடியில் மறைப்புக்குப் பின்னால் வெள்ளைப் பெட்டியின் வாயில் சீட்டைப் போட்டபோது அது விழ மறுத்தது. கையில் காயாத கஞ்சி. சீட்டு விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இன்னொரு கையால் பிய்த்துப் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

ராவ் சாகிப் ஏகாம்பரம் பதினாலு ஓட்டில் ஜெயித்தார். மாலை போட்டு ராஜவீதியைச் சுற்றி ஊர்வலம் விட்டார்கள். மறுநாள் முனிசாமி வந்து அச்சைக் கழற்றிக்கொண்டு போனான். கலியன் வேறொருவர் வீட்டுத் தறியில் கூலிக்கு உட்கார்ந்தான். ஜெயம்மாள் அக்கம்பக்கத்துத் தறிகளுக்கு ராட்டினத்தில் இழை சுற்றிக் கொடுத்தாள். சில நாள் அடுப்பு எரிந்தது, சில நாள் எரியவில்லை.

ஐந்து மாதம் கழித்து, பங்குனி வெயிலில், நகரசபைக் குமாஸ்தா ஒருவர் நோட்டுப் புஸ்தகத்தோடு தெருவுக்கு வந்தார். புதுசாகத் தறி வரி, வீட்டுக்கு வீடு கணக்கெடுப்பு. முதல் வீடு ஜெயம்மாளுடையது.

"தறி எத்தனிம்மா?"

அவள் ராட்டினத்தை விட்டு எழுந்தாள். உள்ளே கூட்டிப் போய்த் தறிக்குழியைக் காட்டினாள். தறி மரத்தைப் பிரித்து எடுத்துவிட்ட அந்தக் குழியில் வைக்கோலைப் பரப்பி ஒரு அடைக்கோழி முட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தது. அது தலையைத் தூக்கிக் குமாஸ்தாவை முறைத்தது.

"தறி இல்லியா?"

"இல்லிங்க. மாடி வூட்டுக்காரங்களுக்கு ராவ் சாகிப் பாதி வரிதான் கொறைச்சாரு. என் தறிக்கு மட்டும் முழு வரியையும் இல்லாம பண்ணிட்டாரு. மவராசன், நல்லா இருக்கட்டும்!"

 குமாஸ்தா நோட்டில் ஒரு கோடு இழுத்துவிட்டுத் தெருவில் இறங்கினார். தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த தறிச் சத்தம், அவருடைய கணக்கில் அகப்படாமல் இருக்க, அவர் நடக்க நடக்க, ஒவ்வொரு வீடாக நின்றுகொண்டே போயிற்று.