ஈசான மூலைக் கிழங்கு

ஓமந்தைப் பக்கத்தில் விதை உருளைக்கிழங்குக்கு அரசாங்கச் சான்றிதழ் கேட்ட முதல் ஆள் ஜெகதீஸ்வரி. கப்பலில் வந்து பாதி அழுகலாய் இறங்கும் விதைக்குக் காத்திருந்து சலித்த ஊர் மாதர் சங்கத்துப் பெண்கள் எல்லாரும் அவளுடைய அரை ஏக்கரைத்தான் நம்பியிருந்தார்கள்.

பரிசோதிக்க வந்த உத்தியோகத்தர் யதுர்ஷிகா ஈசான மூலையில் நின்றுவிட்டாள். அங்கே நாலு செடிகளின் இலைகள் மட்டும் உள்நோக்கிச் சுருண்டிருந்தன.

"இலைச்சுருட்டு நோய், அக்கா. இது நாங்கள் தந்த விதையில்லை. ஆர் நட்டது?"

ஜெகதீஸ்வரிக்குத் தெரியும். முதல் விதையை ஈசான மூலையில் கைராசிக்காரர் ஒருவரைக் கொண்டு நடுவிப்பது அவர்கள் வழக்கம். வாய்க்காலுக்கு அப்பால் தோட்டம் செய்யும், ஊரே அண்ணன் முறையில் 'நானா' என்று அழைக்கும் கலந்தரின் கைராசி ஊரறிந்தது. கடைக்காரக் குடும்பத்து மனிதர். யார் வாசலுக்கும் வெறுங்கையோடு போய்ப் பழக்கமில்லை. தன் தோட்டத்தில் எடுத்துவைத்த விதையில் திறமானதாய் நாலைப் பொறுக்கிவந்து, பிஸ்மி சொல்லி நட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு அது அவளுக்குப் பிழையாகத் தெரியவில்லை.

"பிடுங்கி எறிஞ்சாப் போதாதோ, மிஸ்?"

"பழைய சட்டமெண்டாப் பிடுங்கிப்போட்டுக் கையெழுத்து வைச்சிருப்பம். அப்பிடி வைச்சு வைச்சுத்தான் இவ்வளவு தூரம் பரவினது. இப்ப, அந்த விதை வந்த தோட்டத்தையும் அழிக்கவேணும். இல்லாட்டி அசுவினிப் பூச்சி திரும்ப நோயைக் காவிக்கொண்டு வரும். இடத்தைச் சொல்லாட்டி, அக்கா, உங்கட கிழங்கு முழுக்க விதைக்கில்லை, கறிக்குத்தான்."

அந்நேரம் பார்த்துக் கலந்தர் வாய்க்காலைத் தாண்டி வந்தார். "என்ன தங்கச்சி, பாஸோ? என்ர கையெண்டாச் சும்மாவோ!"

ஜெகதீஸ்வரி மண்ணைப் பார்த்தபடி சொன்னாள்: "கலந்தர் நானாதான் நட்டவர், மிஸ். அவர்ட விதை."

விசயத்தை யதுர்ஷிகா விளக்கியதும் கலந்தர் சிரிக்கப் பார்த்தார். "நாலு கிழங்குக்கு ஒரு தோட்டமோ? இது எந்தச் சந்தையில உள்ள விலை, மகள்? சரி, கரையில ரெண்டு வரிசையைப் பிடுங்கிறன். நாலு வரிசை?"

யதுர்ஷிகா சிரிக்கவில்லை. "உங்கட செடியும் சுருண்டிருக்கோ, நானா?"

கலந்தர் திரும்பித் தன் தோட்டத்தைப் பார்த்தார்.

"மழைக்குச் சுருண்டதெண்டல்லோ நினைச்சன்," என்றார் மெதுவாக.

மத்தியானம் கலந்தரின் தோட்டத்தில் குழி வெட்டியாயிற்று. பூக்கத் தொடங்கியிருந்த செடிகளைக் கலந்தர் கிழங்குப் பிஞ்சோடு கிண்டியெடுத்துக் குழியில் போட்டார். உதவிக்கு மண்வெட்டியோடு வந்த ஜெகதீஸ்வரி வாய்க்காலில் காலை வைத்தாள்.

"வரவேண்டாம், தங்கச்சி," என்றார் நிமிராமலே. "உடுப்பில பூச்சி ஒட்டிக்கொண்டு உங்கட பக்கம் வரும். பிறகு ரெண்டு பேருக்கும் ஒண்டுமில்லை."

அது கோபமா கரிசனையா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. காலை இழுத்துக்கொண்டு இக்கரையிலேயே நின்றாள். கடைசி வரிசை முடியும்வரை அவர் அவள் நின்ற பக்கம் பார்க்கவேயில்லை.