சுவர் இல்லாத செல்

ரேணுகா பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடங்களிலும் தேறி, அறிவியலில் மட்டும் தவறியவள். முப்பத்தொரு மார்க் வாங்கியிருந்தாள். நாலு மார்க்கில் போய்விட்டது. அடுத்த வருடம் எழுதிவிடலாம் என்று நினைத்தாள். அதற்குள் கல்யாணமாகி, ஒரு பெண் பிறந்து, மரக்காணம் உப்பளத்தில் வேலைக்கும் போக ஆரம்பித்து, பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. இந்த வருடம் ஏப்ரலில் ஒருநாள் யாரிடமும் கேட்காமல் போய்த் தனித்தேர்வராக விண்ணப்பம் போட்டுவிட்டு வந்தாள்.

"ஏம்மா இப்போ திடீர்னு?" என்றான் அவள் கணவன் பாலகுரு. உப்பு லாரி ஓட்டுகிறவன். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டான்.

"அது ஒண்ணு மட்டும் நிக்குதுப்பா. அதையும் முடிச்சிடணும்."

அவளிடம் அதற்கு மேல் பெரிய காரணம் எதுவும் இல்லை. அவனும் அதற்கு மேல் கேட்கவில்லை. மறுநாள் திண்டிவனத்திலிருந்து திரும்பும்போது அறிவியல் புத்தகத்தை வாங்கி வந்து, உப்புத் தூசி படாமல் இருக்க இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தான்.

அவள் படித்த காலத்தில் பத்தாம் வகுப்புக்குச் செய்முறைத் தேர்வு கிடையாது. இப்போது உண்டு. பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் செய்முறை வகுப்பில் உட்கார்ந்தவர்கள்தான் பரீட்சை எழுத முடியும். மே மாதம், கோடை விடுமுறை. விடியற்காலை ஐந்து மணிக்கு உப்பளத்தில் இறங்கி, பதினொன்று வரை உப்பு வாரிக் கூடை சுமந்துவிட்டு, வீட்டுக்கு வந்து குளித்து, இரண்டு மணிக்கு ஆய்வகத்தில் இருப்பாள். தனித்தேர்வர்கள் மொத்தம் ஏழு பேர். மற்ற ஆறு பேரும் அவளைவிடச் சின்னவர்கள். பாடம் எடுத்த சந்தியாவும் சின்னவள்தான், இருபத்தாறு வயது. வேலைக்கு வந்து இரண்டாவது வருடம். முதல் நாளே, "நான் உங்கள அக்கான்னு கூப்பிடறேன், நீங்க என்னை மிஸ்னு கூப்பிடுங்க, சரியா போயிடும்" என்று சொல்லிச் சிரித்தாள்.

ஆய்வகத்தில் கரண்ட் இருந்தும் விளக்கு வைத்த மைக்ராஸ்கோப் இல்லை. அடியில் கண்ணாடி பொருத்திய பழைய மைக்ராஸ்கோப்புகள் மூன்று இருந்தன. ஜன்னல் பக்கம் திருப்பி, வெளிச்சத்தைக் கண்ணாடியில் பிடித்து, குழாய்க்குள் அனுப்ப வேண்டும். மற்றவர்கள் இருட்டில் துழாவிக்கொண்டிருந்தபோது ரேணுகாவுக்கு இரண்டாவது முயற்சியிலேயே வெளிச்சம் பிடிபட்டது. வெங்காயத்தின் உள்தோலைச் சின்னதாக உரித்து, சாயம் விட்டு, கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தாள்.

சந்தியா பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னக்கா தெரியுது?"

"பாத்தி மிஸ்," என்றாள். "எங்க உப்பளத்தை மேலேர்ந்து பாத்தா எப்படி இருக்குமோ அப்படியே இருக்குது. பாத்தி பாத்தியா, நடுவுல வரப்பு. ஒவ்வொண்ணுலயும் ஒரு பொட்டு."

"அந்த வரப்புதான் செல் சுவர். பொட்டு, உட்கரு."

அடுத்து ஒரு பல்குச்சியால் தன் கன்னத்தின் உள்பக்கத்தை மெல்லச் சுரண்டி, நீலச் சாயம் விட்டு, அதை வைத்துப் பார்த்தாள். இங்கே வரப்பு இல்லை. கிழிந்த துணித் துண்டுகள் போல ஒழுங்கில்லாத உருவங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் நீலப் பொட்டு. ஓரத்தில் மெல்லிய சவ்வு மட்டும்தான். 'இது நான்' என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

மூன்றாம் நாள் சந்தியா உப்புக் கரைசலைக் கொண்டுவந்து, வெங்காயத் தோலின் மேல் விடப்போவதாகச் சொன்னாள். "என்ன ஆகும்னு யாராவது சொல்லுங்க பார்க்கலாம்."

"சுருங்கும்," என்றாள் ரேணுகா உடனே. "உப்பு, உள்ள இருக்கற தண்ணிய வெளிய இழுத்துடும். எங்க காலைப் பாத்தா தெரியும் மிஸ்."

அவள் சொன்னபடிதான் ஆனது. ஆனால் ஒரு விஷயத்தை அவள் எதிர்பார்க்கவில்லை. செல்லின் உள்ளே இருந்தது சுருங்கி ஒரு மூலைக்கு ஒதுங்கியது, சுவர் மட்டும் அசையாமல் நின்றது. வீடு நிற்கிறது, வீட்டுக்காரர்கள் ஒரு அறைக்குள் போய் ஒண்டிக்கொண்டார்கள் என்பதுபோல. ரேணுகா அதை மூன்று முறை செய்து பார்த்தாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்போ எங்க பாத்தித் தண்ணியில உயிரோட இருக்கறது எப்படி மிஸ் பொழைக்குது?"

"அவ்ளோ உப்புல எதுவும் பொழைக்காதுக்கா."

"பொழைக்குதே. உப்பு கட்டறதுக்கு முன்னாடி தண்ணிய காயவிடற பெரிய பாத்திங்க இருக்குது இல்ல? இந்த மாசம் ஆனா அது செவந்து போவுது. கிட்ட போனா ஒரு வாசனை வருது. வெறும் தண்ணிக்கு அப்படி வாசனை வராது மிஸ்."

சந்தியாவின் ஊர் உள்ளே தள்ளி, நெல்லும் மணிலாக் கடலையும் விளைகிற பூமி. உப்பளத்தைப் பேருந்து ஜன்னலிலிருந்துதான் பார்த்திருக்கிறாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூச்சப்படாதவள். "எனக்குத் தெரியலக்கா," என்றாள். "நாளைக்கு ஒரு பாட்டில் கொண்டு வாங்க. பார்த்துடலாம்."

மறுநாள் காலை ரேணுகா பெரிய பாத்தியின் ஓரத்தில் குனிந்து தண்ணீர் பிடித்தாள். கூடவே வேலை செய்கிற சாலம்மாள், கூடையை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன்டி, இதையா இஸ்கூலுக்கு எடுத்துப் போற? அங்க தண்ணிக்கா பஞ்சம்?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தாள். ரேணுகாவும் சிரித்தாள். ஆனால் பாட்டிலை ஈரத்துணி சுற்றித்தான் எடுத்துப் போனாள்.

ஒரு சொட்டு வைத்து, பெரிதாகக் காட்டும் லென்ஸைத் திருப்பியதும், சந்தியா "ஐயோ" என்று கத்திவிட்டாள்.

தண்ணீர் முழுக்க நீந்திக்கொண்டிருந்தது. கடுகைவிட எத்தனையோ மடங்கு சின்ன உருண்டைகள். சில பச்சை, சில ஆரஞ்சு, முன்பக்கம் இரண்டு மயிரிழைகளை அடித்துக்கொண்டு அங்குமிங்கும் ஓடின. ஏழு பேரும் வரிசை கட்டிப் பார்த்தார்கள். "பச்சையா இருக்குது, அதனால செடி," என்றான் ஒருவன். "ஓடுது, அதனால பூச்சி," என்றாள் இன்னொருத்தி. சண்டையே வந்துவிட்டது.

"உப்ப வெச்சே கேட்டுடலாம்," என்றாள் ரேணுகா.

அவளே செய்தாள். மேலே மூடியிருந்த சின்னக் கண்ணாடியின் ஒரு ஓரத்தில், இன்னும் கெட்டியான உப்புத் தண்ணீரை ஒரு துளி வைத்து, மறு ஓரத்தில் காகிதத்தால் உறிஞ்சினாள். உருண்டைகள் சுருங்கின. ஆனால் வெங்காயத்தைப் போல வெளியே எந்தச் சுவரும் தனியாக நிற்கவில்லை. மொத்த உடம்புமே சிறுத்தது. அடுத்து நல்ல தண்ணீர் விட்டாள். அவை உப்பி, முழு வட்டமாகி, ஒவ்வொன்றாக வெடித்துப் போயின.

"சுவர் இல்ல மிஸ் இதுக்கு," என்றாள் நிமிர்ந்து. "சுவர் இருந்தா தாங்கியிருக்கும். என் கன்னத்து செல் மாதிரி வெறும் சவ்வுதான் இருக்குது. ஆனா பச்சை மட்டும் செடியோடது."

சந்தியா அன்று வீட்டுக்குப் போய்க் கல்லூரிப் புத்தகங்களைப் புரட்டினாள். மறுநாள் வந்தபோது அவள் முகமே வேறு மாதிரி இருந்தது. "அக்கா, நீங்க சொன்னது கரெக்ட். அது ஒரு பாசி. தாவர வகைதான், பசுங்கணிகம் இருக்குது. ஆனா கெட்டியான செல் சுவர் கிடையாது. உள்ள ஒரு பொருளைத் தானே தயாரிச்சு சேர்த்து வெச்சிக்கிட்டு, வெளிய இருக்கற உப்புக்கு ஈடு கொடுக்குது. வெயில் அதிகமானா ஆரஞ்சு நிறத்த உண்டாக்கிப் போத்திக்குதாம், கேரட்ல இருக்கற அதே நிறம். இதெல்லாம் நான் காலேஜ்ல படிச்சு எழுதி மார்க் வாங்கினது. நேர்ல பார்த்தது நேத்துதான்."

ரேணுகாவுக்கு அன்று சைக்கிள் மிதிக்கும்போது கால் வலியே தெரியவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையின் இரண்டு பக்கமும் பாத்திகள் வெயிலில் மின்னின. பதினாறு வருடமாக அந்தத் தண்ணீரில் நிற்கிறாள். அதற்குள் இத்தனை பேர் நீந்திக்கொண்டிருந்தது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஜூனில் செய்முறைத் தேர்வு. வெளியூரிலிருந்து தேர்வாளராகச் செல்லப்பன் என்பவர் வந்தார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கும் ஆசிரியர். கண்டிப்பானவர் என்று பெயர். ரேணுகாவுக்குச் சீட்டில் தாவர செல்லும் விலங்கு செல்லும் வந்தன. இரண்டு தகடுகளையும் சரியாகத் தயார் செய்தாள், படம் வரைந்தாள், பாகங்களைக் குறித்தாள். செல்லப்பன் பார்த்துத் தலையாட்டினார்.

"வேறுபாடு சொல்லுங்கம்மா."

"தாவர செல்லுக்குச் சுவர் இருக்குது சார், விலங்கு செல்லுக்குச் சவ்வு மட்டும்தான். தாவரத்துல பசுங்கணிகம் இருக்கும், பெரிய குமிழ் ஒண்ணு இருக்கும். விலங்குல பசுங்கணிகம் கிடையாது, குமிழ் இருந்தாலும் சின்னச் சின்னதா இருக்கும்." அங்கே நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை. "ஆனா சார், சுவரே இல்லாத பச்சை செல்லும் இருக்குது."

அவருடைய பேனா நின்றது. "புஸ்தகத்துல அப்படி இருக்குதா?"

"புஸ்தகத்துல இல்ல சார். பாத்தியில இருக்குது."

"எந்தப் பாத்தியில?"

"உப்புப் பாத்தியில."

செல்லப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "பாருங்கம்மா, நல்லா சொல்லிக்கிட்டு வந்தீங்க. இல்லாததைச் சேர்த்துச் சொன்னா நான் மார்க்க குறைக்க வேண்டி வரும். அதை விட்டுடலாமா?"

சுவரோரம் நின்றிருந்த சந்தியா தேர்வு நேரத்தில் பேசக் கூடாது. அவள் கை மட்டும் துப்பட்டாவின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தது. ரேணுகாவுக்கு நாலு மார்க்கில் போன பழைய நாள் மனதில் வந்தது. ஒரு 'சரிங்க சார்' சொன்னால் முடிந்துவிடும். ஆனால் கண்ணால் பார்த்ததை இல்லை என்று எப்படிச் சொல்வது?

"அஞ்சு நிமிஷம் குடுங்க சார். காட்டறேன். இல்லன்னா மார்க்க எடுத்துக்குங்க."

அன்று காலை வேலையிலிருந்து நேராக வந்ததால், சந்தியாவிடம் கொடுக்கலாமென்று எடுத்து வந்த தண்ணீர் அவள் பையில் இருந்தது. தகட்டில் ஒரு சொட்டு வைத்தாள். ஜன்னல் வெளிச்சத்தைக் கண்ணாடியில் பிடித்தாள். செல்லப்பன் குனிந்து பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் நல்ல தண்ணீரைத் துளித்துளியாக விட்டாள்.

"உப்பிக்கிட்டு வருதா சார்?"

"ம்."

"வெடிக்குதா?"

அவர் வெகுநேரம் நிமிரவே இல்லை. பிறகு தானே கையை நீட்டி வெங்காயத் தகட்டை எடுத்து, அதிலும் நல்ல தண்ணீர் விட்டுப் பார்த்தார். அது வெடிக்கவில்லை.

"பத்து வருஷமா எக்ஸாமினரா போயிட்டு வர்றேன்," என்றார் கடைசியில், சந்தியாவைப் பார்த்து. "வெங்காயத்தையும் கன்னத்தையும் தவிர வேற ஒண்ண யாரும் எனக்குக் காட்டினது இல்ல." ரேணுகாவின் பக்கம் திரும்பினார். "என்ன வேலைம்மா பண்றீங்க?"

"உப்பளத்துல சார்." அதுவரை இந்தக் கேள்விக்கு அவள் குரலைத் தாழ்த்தித்தான் பதில் சொல்லியிருக்கிறாள். இன்று அப்படி வரவில்லை.

"இந்தத் தண்ணிய நான் எடுத்துக்கலாமா? எங்க பசங்களுக்குக் காட்டணும்."

"இதுல கொஞ்சம்தான் சார் இருக்குது. சாயங்காலம் வரைக்கும் இருப்பீங்க இல்ல? புதுசா பிடிச்சுக் கொண்டாந்து தர்றேன்."

செய்முறையில் அவளுக்கு இருபத்தைந்துக்கு இருபத்தைந்து கிடைத்தது. எழுத்துத் தேர்வும் சேர்த்து எழுபத்தெட்டு. முடிவு வந்த அன்று பாலகுரு லாரியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு உப்பளத்துக்கே வந்து, வரப்பின் மேல் நின்று மார்க்கை உரக்கக் கத்திச் சொன்னான். கூடை சுமந்துகொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றார்கள்.

ஜூலைக் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, சந்தியா பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேரை அழைத்துக்கொண்டு உப்பளத்துக்கு வந்தாள். மைக்ராஸ்கோப்பை ஒரு ஸ்டூலின் மேல் வைத்தார்கள். ரேணுகா கண்ணாடியைத் திருப்பினாள். "நேரா வெயிலப் பிடிக்கக் கூடாது, கண்ணு போயிடும். வானத்தப் பிடிக்கணும்," என்று சொல்லிக்கொண்டே வெளிச்சத்தைச் சரி செய்தாள். முதலில் பார்க்கப் பிள்ளைகள் முண்டியடித்தார்கள். அவள் ஒதுங்கச் சொன்னாள்.

"இருங்க. வேலை செய்யறவங்க முதல்ல."

சாலம்மாள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, தலையில் இருந்த சும்மாட்டை எடுக்காமலே குனிந்தாள். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டாள். பிறகு, கண்ணை எடுக்காமலே, பின்னால் நின்ற பெண்களைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"வாங்கடி, வந்து பாருங்க. நம்ம தண்ணிடி இது!"