முதுகுத் தகடு

டிலக்ஸனின் வீட்டிலிருந்து பரந்தனில் அவன் வேலை செய்யும் கந்தோருக்கு நான்கு கிலோமீற்றர். வழியில் ஒரு மதகு, இரண்டு வேகத்தடை, நடுறோட்டில் படுத்திருக்கும் மாடுகள். அதற்கு மேல் ஆபத்து என்று சொல்ல ஒன்றுமில்லை. வன்னியில் ஏறுவதற்கு இரணைமடுக் குளக்கட்டை விட்டால் மேடும் இல்லை. ஆனாலும் யூடியூப்பில் பனிமலை ஏறுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, அவனுடைய பழைய மோட்டார் சைக்கிளுக்கும் மலை ஏறும் ஆசை பிடித்துவிட்டது.

புதிது வாங்க வசதி காணாது. இருப்பதைப் புதிதாக்கக் கையும் யூடியூப்பும் காணும். குசினிக்குப் பின்னால் சாக்கை விரித்தான். ஹாண்டிலை உயர்த்தினான். பனிமூட்டத்துக்கான மஞ்சள் லைற் இரண்டு பூட்டினான். பனி வரும்போது பார்த்துக்கொள்ளலாம். சைலன்சரை மாற்றியபோது பக்கத்து வீட்டு நாய் வேலிக்கு அடியால் ஓடியது. அதையும் நல்ல சகுனமாகவே எடுத்துக்கொண்டான்.

பூட்டி முடிந்ததும் கழற்றத் தொடங்கினான். பின்னால் இருப்பவர் பிடிக்கும் கம்பி போனது. செயின் கவர் போனது. கடைசியாக, பின்சில்லுக்குள் சாறி போகாமல் இடப்பக்கம் பூட்டியிருந்த சாறி கார்ட்.

பழைய இரும்பு எடுக்க வந்த கணபதி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, வீட்டில பொம்பிளையள் இல்லையோ?"

"இருக்கிறா அண்ணை. அவா ஒண்டும் சொல்லமாட்டா."

அவள் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறின்சி முன்பள்ளி ரீச்சர். கிழமைக்கு ஐந்து நாள் சாறி. கல்யாணமான ஆம்பிளைகளாகிய எங்களுக்கு, மனைவி மூன்று நாள் சொன்னால் அது ரேடியோ மாதிரி. போய்க்கொண்டிருக்கும்.

உடுப்பு எடுக்க வவுனியாவுக்குப் போனான். அரை நாள் நின்று தெரிவு செய்தான். தோளிலும் முழங்கையிலும் முதுகிலும் தகடு வைத்த ஜக்கற். முழு முகத்தையும் மூடும் ஹெல்மெற். அதன் உள் நுரை எத்தனை அடுக்கு, பட்டி எத்தனை இழுவை தாங்கும் என்பதெல்லாம் கடைக்காரனுக்கே இவன்தான் விளங்கப்படுத்தினான்.

"அக்காவுக்கு ஒண்டும் வேண்டாமோ?" என்று கேட்டான் கடைக்காரன்.

"ஓ... பொலிசுக்குக் காட்ட மலிவா ஒரு ஹெல்மெற் தாங்கோ."

அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. நாட்டில் முக்கால்வாசி மனைவிமாரின் தலையில் இருப்பது அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு தும்புத்தடியை அவளிடம் நீட்டினான்.

"முதுகில அடியும்."

"விசரோ உங்களுக்கு?"

"அடியுமன். பலமா."

முதல் அடி மரியாதைக்கு. இரண்டாவதில் மூன்று நாள் கோபமும் சேர்ந்து இறங்கியது. தடி முறிந்தது.

"ஒண்டும் தெரியேல்லை!" என்று துள்ளினான் அவன்.

"சந்தோசம்" என்றாள் பிறின்சி. "இனி அடிச்சும் பிரயோசனமில்லை."

அடுத்த ஞாயிறு முல்லைத்தீவில் அவளுடைய அக்கா யூலிற்றாவின் மகளுக்குத் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கும் நாள். நீலக்கரைச் சாறியோடு பக்கவாட்டில் ஏறி இருந்தவள் கையால் பின்னுக்குத் தடவினாள்.

"எதைப் பிடிக்கிறது?"

"என்னைப் பிடியும்."

அந்த ஜக்கற்றில் பிடிக்க ஒன்றும் அகப்படவில்லை. வழுக்கியது.

விசுவமடு தாண்டியதும் றோட்டு நேராகியது. ஹெல்மெற்றுக்குள் அவன் பாடிக்கொண்டு போனான். சைலன்சர் பக்கவாத்தியம் வாசித்தது. திடீரென்று சைக்கிள் ஒரு உலுக்கு உலுக்கியது. பிறகு இலேசாகியது. நன்றாக இழுக்கிறதே, செய்த வேலை பலன் தருகிறது என்றுதான் முதலில் நினைத்தான்.

பிறகுதான் கண்ணாடியைப் பார்த்தான்.

சாறியின் பாதி செயினில் சுற்றியிருந்தது. பொலிசுக்குக் காட்டுகிற ஹெல்மெற் பட்டி அறுந்து வயலுக்குள் கிடந்தது. றோட்டோர வீட்டுப் பெண் ஒருத்தி படுக்கைவிரிப்போடு ஓடிவந்து பிறின்சியை மூடினாள். அவன் கையுறையைக் கழற்றத் தெரியாமல் நின்றான்.

அவளுக்கு இடக்கால் இரண்டு இடத்தில் முறிவு, உச்சியில் ஏழு தையல். அவனுக்கு ஒரு கீறலும் இல்லை. அரை நாள் நின்று தெரிவு செய்த சாமான் அல்லவா.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கூரையைப் பார்த்தபடி கதைத்தாள்.

"சாறி இழுபடேக்கை நான் தட்டினனான்."

அவன் போர்வையை அவளுடைய காலுக்கு மேல் இழுத்துவிட்டான்.

"முதல் மெதுவா. பிறகு பலமா. கடைசியாக் குத்தினனான்."

"எனக்கு..."

"ஓம். தெரியாதெண்டு நீங்கள்தானே துள்ளினனீங்கள்."

வீட்டுக்கு வந்ததும் அவன் கணபதியைத் தேடிப் போனான். சாறி கார்ட் எப்போதோ லொறி ஏறிவிட்டிருந்தது. ஆகவே தானே கம்பி வளைத்து, ஒட்டி, பழையதிலும் பெரிதாக ஒன்று செய்தான். செயின் கவர் வந்தது. பிடிக்கும் கம்பி வந்தது. இடக்காலை வைக்க அகலமான ஒரு பலகையும் வந்தது. பிறின்சிக்கென்று, தன்னுடையதை விடத் திறமான ஹெல்மெற் வந்தது. அது உறை பிரிக்காமல் அலுமாரிக்கு மேல் இருந்தது. ஜக்கற் அலுமாரிக்குள் இருந்தது.

நான்கு மாதத்துக்குப் பிறகு அவள் முன்பள்ளிக்குப் போகத் தொடங்கினாள். காலை இழுத்துக்கொண்டு, பஸ்ஸில். முதல் கிழமை அவன் கேட்கவில்லை. இரண்டாம் கிழமை, வெறும் சேட்டோடு, அந்த ஹெல்மெற்றையும் பெற்றோல் தாங்கியில் வைத்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்தில் போய் நின்றான்.

"ஏறும் பிறின்சி. கொண்டுபோய் விடுறன்."

அவள் சாறி கார்ட்டைக் குனிந்து பார்த்தாள்.

"வடிவாத்தான் செய்திருக்கிறியள்."

"மெதுவா ஓடுறன்."

"திரும்புங்கோ."

திரும்பினான். மெதுவாக ஒரு தட்டு. பிறகு பலமாக ஒன்று. பிறகு ஒரு குத்து. அவனுக்கு மூச்சு ஒருகணம் நின்றது.

"தெரியுதோ?"

"தெரியுது."

"அப்ப சரி."

பஸ் வந்தது. நல்ல காலை முதலில் வைத்து, மற்றதைக் கையால் தூக்கி வைத்து, அவள் ஏறினாள். கொண்டக்டர் அவனைப் பார்த்து, "அண்ணை, சைக்கிளை எடுங்கோ, பஸ் நிக்கிற இடம்" என்றான். டிலக்ஸன் எடுத்தான். கந்தோர்வரை முதுகு எரிந்துகொண்டே வந்தது.