மூன்றாவது சுற்றுக் காபி

இரண்டாவது சுற்றையும் ஊற்றி முடித்தாள் யெஷி. சோபாவில் அபெராவும் அவர் மனைவி அஸ்காலேயும். எத்தியோப்பியாவிலிருந்து வர்ஜீனியா வந்து சேர்ந்த எந்தக் குடும்பத்தில் சண்டை என்றாலும் பஞ்சாயத்துக்கு இவர்கள்தான். அவர்கள் ஊர் வழக்கப்படி மூன்றாவது சுற்று ஆசீர்வாதச் சுற்று. அதைக் குடித்துவிட்டால் சமாதானம் ஆகிவிட்டது என்று அர்த்தம், அப்புறம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

திங்கட்கிழமை கோர்ட். புருஷன் தெரெஜே இந்த வீட்டுப் பக்கமே வரக்கூடாது என்று நீதிபதி போட்ட தற்காலிக உத்தரவு நீடிக்குமா என்று அன்றுதான் தெரியும். அதை வாபஸ் வாங்க வைக்கத்தான் இவ்வளவு காபியும்.

"ஒரே ஒரு அறை. அதுக்குப் போய் போலீஸா, கண்ணு?" காபியோடு வைத்த பாப்கார்னைக் கொறித்தபடி கேட்டார் அஸ்காலே.

"அறையா? விலா எலும்பு ரெண்டு விரிசல்மா. எக்ஸ்ரே காட்டட்டுமா?"

அபெரா தொண்டையைச் செருமினார். "உன் கிரீன் கார்டு பேப்பர் அவன் கையில இருக்கு. அவன் கையெழுத்துப் போடலன்னா உன்னை பிளேன் ஏத்திடுவாங்க, பாத்துக்க."

"வக்கீலம்மாகிட்ட கேட்டாச்சு ஐயா. அடிச்சவன் கையெழுத்து வேணாமாம். நானே தனியா மனு போட்டுட்டேன்."

அபெரா கோப்பையைக் கீழே வைத்தார். அஸ்காலேதான் முந்திக்கொண்டார். "சரி சரி, மூணாவது ஊத்து. அவனும் ஒரு வாய் குடிக்கட்டும். பாவம், கீழ கார்ல குளிர்ல உக்காந்திருக்கான்."

காபி மண்கூஜாவின் கழுத்தில் யெஷியின் கை நின்றுவிட்டது.

ஜன்னலுக்குப் போனாள். கீழே தெரெஜேயின் அதே நீல டொயோட்டா. கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டிருந்தான் மாப்பிள்ளை. போன மாதமாக இருந்தால் திரைக்குப் பின்னால் ஒளிந்திருப்பாள். இப்போது திரையை முழுசாக விலக்கினாள். அவன் நிமிர்ந்து கையாட்டினான். அவள் போனை எடுத்தாள்.

"யாருக்குடி போன்?" என்றார் அஸ்காலே.

"போலீஸுக்கு."

அபெரா எழுந்தே விட்டார். "மூணாவது சுத்து ஊத்தாம எந்தப் பொண்ணும் எங்களை அனுப்பினதில்ல! நாளைக்கு சர்ச்சுல உன் பேரு என்ன ஆகும்?"

"என் பேரு கிடக்கட்டும். அவன் பேரு என்ன ஆச்சுன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

கூஜாவைத் தூக்கி, மிச்சக் காபியை மண்டியோடு சிங்க்கில் கவிழ்த்தாள். அதற்குள் போனில் ஆள் வந்துவிட்டது. விலாசம் சொன்னாள், காரின் நிறம் சொன்னாள். அஸ்காலே கைப்பையைத் தேடுவதைப் பார்த்தவள் வாசல் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு போனில் பதில் சொன்னாள்.

"சாட்சியா? இருக்காங்க. அவன் கீழ இருக்கான்னு சொன்னதே அவங்கதான். ரெண்டு பேர். பேரு எழுதிக்கிறீங்களா?"